உத்தரவு இங்கே, ஆள் வெளியூரில்: குழந்தையின் ஜீவனாம்சமும் கஸ்டடியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சென்ற முறை குடிநீர் வரியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினேன். இந்த முறை செயலாளர் கொடுத்த தலைப்பு கொஞ்சம் கனமானது. வேலைக்காக வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் தகப்பனார், இங்கே பிள்ளைகளோடு தாயார், நடுவில் ஒரு பிரிவினை. பிள்ளைகளின் செலவுக்குப் பணம் எப்படி வாங்குவது, பிள்ளை யாரிடம் இருப்பது, ஓர் ஊர் கோர்ட் போட்ட உத்தரவு இன்னோர் ஊரில் செல்லுமா என்பதுதான் கேள்வி.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கி கவுண்டரில் காலத்தைக் கழித்தவன். ஆனால் இந்த விஷயத்தின் பாதி வங்கி கவுண்டரில்தான் நடக்கிறது. மாதம் பிறந்து ஐந்து தேதி, பத்து தேதி ஆனதும் பாஸ்புக்கை நீட்டி, "பணம் வந்திருக்கா பாருங்க சார்" என்று கேட்கும் பெண்களை நம்மூரில் வேலை பார்த்த எந்த வங்கிக்காரரும் மறக்க மாட்டார். அவர்களில் பலரிடம் கோர்ட் உத்தரவே இருந்தது. உத்தரவு இருப்பது வேறு, பணம் வருவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்பதைத்தான் பேசப் போகிறேன். அவரவர் வழக்குக்கு வக்கீலைக் கேட்டே ஆகவேண்டும். என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது.

முதலில் மாநில எல்லை. நம்மூருக்கு இது புதிதில்லை. தோல் வேலை தெரிந்தவர்கள் கான்பூருக்கும் கல்கத்தாவுக்கும் போகிறார்கள். சம்பந்தம் பெங்களூரிலும் சித்தூரிலும் நடக்கிறது. பெங்களூரில் வாழப்போன பெண், ஏதோ காரணத்தால் பிள்ளையோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கேஸ் போட்டால் பெங்களூருக்கு அலையணுமே" என்று வீட்டார் பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஜீவனாம்சத்துக்கு அந்த பயம் வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததே, அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக வந்திருக்கிறது. அடுத்த பிரிவான 145, மனைவி வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்கிறது. தாய் வீட்டில் வந்து தங்கியிருந்தால், தாய் வீடு இருக்கும் பகுதிக்கு உரிய நீதிமன்றமே போதும்.

அதைவிட முக்கியமானது 147-வது பிரிவு. பழையதில் இது 128. உத்தரவு எந்த ஊரில் போடப்பட்டதாக இருந்தாலும், அந்த ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்து நீதிமன்றம் அதை நிறைவேற்றலாம். நம் மாவட்டத்தில் வாங்கிய உத்தரவை கான்பூரில் காட்டி வசூல் செய்யலாம். அங்கே புதிதாக ஒரு வழக்கு நடத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் இது இவ்வளவு சுலபமில்லை. அங்கே குடும்பச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்து உத்தரவை இன்னொன்று ஏற்பதற்கென்றே தனியாகப் பொதுச் சட்டங்கள் எழுதி, ஒவ்வொரு மாநிலமாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தலைவலி இல்லை. இருந்தும் நாம் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?" பிள்ளைகள் விஷயத்தில் 1997-லேயே நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு மேஜர் ஆகும் வரையும், பெண் பிள்ளைகளுக்குத் திருமணம் ஆகும் வரையும் தகப்பனார் கொடுக்கவேண்டும். தலாக் ஆகிவிட்டதாலோ, தாயாருக்கு வேறு சட்டத்தில் ஏதோ கிடைத்ததாலோ பிள்ளையின் உரிமை போகாது. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்ணும் தனக்காக 125-ஐ நாடலாம் என்று 2024 ஜூலை 10-ல் அதே நீதிமன்றம் சொன்னது.

இப்போது தேதிக் கணக்கு. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன். உத்தரவுப்படி பணம் வராவிட்டால் வாரண்ட் கேட்கலாம். பாக்கி வைத்த மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் பணம் கொடுக்கவேண்டிய தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் இந்த மனுவைப் போட்டுவிட வேண்டும்.

மாதம் 8,000 ரூபாய் என்று உத்தரவு. பதினான்கு மாதம் வரவில்லை. பாக்கி 1,12,000. "பெருநாளைக்கு வருவார், பேசிக்கொள்ளலாம்" என்று பொறுத்திருந்து பதினான்காவது மாதம் முடிந்து மனு போட்டால், வாரண்ட் வழியில் கேட்கக்கூடியது கடைசி பன்னிரண்டு மாதத்துக்கான 96,000 மட்டும். முதல் இரண்டு மாதத்து 16,000 அந்த வழியிலிருந்து நழுவிவிடும். ஏதோ சின்னத் தொகை என்று நினைக்காதீர்கள். மூன்று வருடம் பொறுத்தவர்களுக்கு இதே கணக்கில் 1,92,000 நழுவும்.

நழுவிய பணம் அடியோடு போய்விடுமா? போகாது. இதற்கு பூங்கோடி எதிர் தங்கவேல் என்ற தமிழ்நாட்டு வழக்கே இருக்கிறது. உயர் நீதிமன்றம் ஓராண்டு பாக்கிக்கு மேல் கிடையாது என்றது. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. ஓராண்டு என்பது கைது செய்து வசூலிக்கும் வழிக்கு மட்டும்தான் எல்லை. கடன் கடன்தான், சாதாரண வழியில் வசூலிக்கலாம் என்றது. சாதாரண வழி என்றால் ஜப்தி. ஜப்தி நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். அதற்குள் பிள்ளை இரண்டு வகுப்பு தாண்டிவிடும். அதனால் ஆறு மாதம் பணம் வராவிட்டாலே மனு போட்டுவிடுங்கள். ஒரு முறை ஓராண்டுக்குள் மனு போட்டு அது நிலுவையில் இருந்தால், பின்னால் சேரும் பாக்கியையும் அதே மனுவில் கேட்கலாம் என்று 2005-ல் சாந்தா என்பவர் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

ஜெயிலுக்குப் போய்வந்துவிட்டால் பாக்கி தீர்ந்தது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. தவறு. சிறை என்பது பணத்தைக் கொடுக்க வைக்கும் வழி, கொடுத்ததாக ஆகாது என்று 1989-ல் குல்தீப் கவுர் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது.

சம்பளத்தை ஜப்தி செய்வதிலும் நமக்கு ஒரு சலுகை உண்டு. சாதாரணக் கடனுக்கு ஜப்தி என்றால் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவில், மூன்றில் ஒரு பங்கைத்தான் அவருக்கென்று விட்டுவைக்கச் சொல்கிறார்கள். 24,000 சம்பளம் என்றால் 16,000 வரை கேட்க இடமுண்டு. அதற்கு அவர் எங்கே வேலை செய்கிறார், எந்த வங்கியில் சம்பளம் போடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்பு இதற்குப் பெரிய உதவி. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று அது சொல்கிறது. மனுவைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நஷ்டம் என்பதற்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவையும், எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சார்வான தேதியிலிருந்து கூடுமானவரை அறுபது நாளில் முடிக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்வதைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதில் நன்மை நிறைய. கோர்ட் வாசலில் இரண்டு வருடம் ஆகும் சமாதானம் அங்கே இரண்டு வெள்ளிக்கிழமையில் ஆகிவிடும். ஆனால் ஜமாஅத் லெட்டர்பேடில் எழுதிய தொகையை அவர் கொடுக்காமல் ரியாத்துக்கு விமானம் ஏறினால், அந்தக் கடிதத்தை வைத்து யாரும் ஜப்தி செய்ய முடியாது. அது கோர்ட் உத்தரவு ஆகாது. அவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். நான் சொல்வது இது: பேசி முடித்த அதே ஒப்பந்தத்தை இருவரும் கையெழுத்திட்டு லோக் அதாலத்துக்குக் கொண்டுபோங்கள். வழக்கே போடாமலும் அங்கே வைக்கலாம். அங்கே கொடுக்கும் தீர்வுக்கு, 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, சிவில் கோர்ட் டிக்ரியின் மதிப்பு உண்டு, அப்பீல் கிடையாது. பெரியவர்கள் பேசி வைத்த தொகை அப்படியே இருக்கும். டிக்ரி என்பதால் வேறு மாநிலத்து நீதிமன்றத்துக்கும் மாற்றி நிறைவேற்றலாம். நம் ஜமாஅத்துகள் இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம்.

அடுத்தது கடல் கடந்த விஷயம். இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் நாட்டுக்கு நாடு விதி வேறு.

வெளிநாட்டுக் கோர்ட் போட்ட பணத் தீர்ப்பு இங்கே நேராகச் செல்லவேண்டுமானால், அந்த நாட்டை நம் மத்திய அரசு பரஸ்பர நாடாக அறிவித்திருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவு அது. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் முன்பே அந்தப் பட்டியலில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தை 2020 ஜனவரி 17-ல்தான் சேர்த்தார்கள். அன்று முதல் துபாய் கோர்ட்டின் பணத் தீர்ப்பை, சான்று நகலோடு இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் வைத்து, உள்ளூர் டிக்ரி போலவே நிறைவேற்றக் கேட்கலாம். சவூதியும் கத்தாரும் பட்டியலில் இல்லை. அமெரிக்காவும் இல்லை. அந்த நாட்டுத் தீர்ப்புகளை ஆதாரமாக வைத்து இங்கே புதிதாக வழக்கு நடத்தவேண்டும். பட்டியலில் உள்ள நாடோ இல்லாத நாடோ, எதிர்த் தரப்புக்குத் தகவலே சொல்லாமல் ஒருதலையாக வாங்கிய தீர்ப்பை 13-வது பிரிவு இங்கே நிற்க விடாது.

நம் உத்தரவு அங்கே செல்லுமா? அமீரகத்தோடு 1999-ல் செய்த நீதித்துறை ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்று இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளோடு பரிமாறிக்கொள்ள 1921-ஆம் ஆண்டு ஜீவனாம்ச உத்தரவு அமலாக்கச் சட்டம் என்று ஒன்று இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. பல நாடுகள் சேர்ந்து 2007-ல் ஹேக் நகரில் செய்துகொண்ட குழந்தை ஜீவனாம்ச ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை. நடைமுறையில், சாதாரணக் குடும்பம் வளைகுடாவில் போய் வசூலிப்பது கஷ்டம். அதனால் அவருடையது இங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வளைகுடாவில் வேலை செய்பவர் பணத்தை எங்கே அனுப்புகிறார்? பெரும்பாலும் இங்கே ஓர் என்.ஆர்.இ. கணக்குக்கு. அந்தக் கணக்கும், அவர் பெயரில் உள்ள மனையும், பூர்வீக வீட்டில் அவர் பங்கும் நம் கோர்ட்டின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. கணக்கு எண் தெரிய வேண்டியதில்லை, வங்கியும் கிளையும் தெரிந்தாலே வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. லீவில் அவர் ஊருக்கு வரும்போது வாரண்டும் காத்திருக்கும்.

இனி கஸ்டடி. பணத்தைவிட இதில்தான் மனசு உடைகிறது.

இந்தியாவுக்குள் என்றால், 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றம்தான் விசாரிக்கும். ஒரு நாள் இரவோடு இரவாகத் தூக்கிவந்ததால் அந்த ஊர் வழக்கமான ஊர் ஆகிவிடாது. கோர்ட் நியமித்த காப்பாளர், கோர்ட்டைக் கேட்காமல் பிள்ளையை அதன் எல்லையைத் தாண்டி அழைத்துப்போகக் கூடாது என்றும் 26-வது பிரிவு இருக்கிறது. தாய்க்கு ஹிஸானத், தகப்பனுக்கு விலாயத் என்று நம் வீடுகளில் பேசிக்கொள்வதைக் கோர்ட் கேட்டுக்கொள்ளும். ஆனால் கடைசியில் பிள்ளையின் நலன் எது என்றுதான் பார்க்கும்.

நாடு தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்வோம். சூர்யா வதனன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. சென்னையில் 2000-ல் கல்யாணம், பிறகு இங்கிலாந்தில் வாழ்க்கை, இரண்டு பெண் குழந்தைகள். 2012 ஆகஸ்டில் தாயார் பிள்ளைகளோடு கோயம்புத்தூர் வந்து, அந்த மாதமே அங்கே குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டார். நவம்பரில் தகப்பனார் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய், பிள்ளைகள் அந்த நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ளவர்கள், திரும்ப அழைத்துவர வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். அதை வைத்து சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2013-ல் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போனார். 2015 பிப்ரவரி 27-ல் பிள்ளைகள் இங்கிலாந்து போகவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. காரணத்தைக் கவனியுங்கள்: வழக்கை முதலில் போட்டவர் தாயார். ஆனால் பிள்ளைகளைப் பற்றி முதலில் உருப்படியான உத்தரவு வாங்கியவர் தகப்பனார். அந்த முதல் உத்தரவுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இரண்டு வருடம் கழித்து, 2017 ஜூலை 3-ல், நித்யா ஆனந்த் ராகவன் வழக்கு. இதிலும் இங்கிலாந்திலிருந்து தாயார் அழைத்துவந்த பெண் குழந்தை. இதிலும் அந்த நாட்டு உத்தரவு. டெல்லி உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொன்னது. ஆனால் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, முதல் உத்தரவு யாருடையது என்ற கணக்கு சரியில்லை, வெளிநாட்டு உத்தரவு பார்க்கவேண்டிய விஷயங்களில் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலனே பெரிது என்று சொல்லி, குழந்தையை இங்கேயே தாயிடம் விட்டது. அதற்கும் பிறகு 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில், அமெரிக்காவிலிருந்து வந்த குழந்தை அங்கேயே திரும்பவேண்டும் என்று முடிவானது.

எனவே "தாய்க்குத்தான் கிடைக்கும்", "வெளிநாட்டு ஆர்டர் இங்கே செல்லாது" என்று திண்ணையில் உட்கார்ந்து யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை எத்தனை வருடம் எங்கே வளர்ந்தது, இங்கே வந்து எவ்வளவு நாளாயிற்று, எந்தப் பள்ளி, உடல்நிலை என்ன, வீட்டில் அடிதடி இருந்ததா என்றெல்லாம் ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

யஷிதா சாஹு தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிள்ளையை நேரில் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும் பெற்றோருக்கு, தினமும் ஐந்து பத்து நிமிடம் போனிலோ வீடியோவிலோ பேசும் உரிமை வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சண்டை என்றதும் முதல் வேலையாக நம்பரை பிளாக் செய்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு அத்தா வேண்டும், அம்மாவும் வேண்டும்.

குழந்தையைச் சட்டவிரோதமாக நாடு கடத்தினால் பழைய ஊருக்கே திருப்பி அனுப்ப 1980-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சிங்கப்பூர், இலங்கை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-லேயே அறிக்கை கொடுத்தது, 2016-ல் மசோதாவும் தயாரானது, அத்தோடு நிற்கிறது. வெளிநாட்டில் அடி வாங்கி ஓடிவரும் நம் பெண்களுக்கு இது ஆபத்தாகும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. மேல்விஷாரத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தகப்பனார் வெளிநாட்டுக்கு அழைத்துப்போய்விட்டால், இங்கே அழுதுகொண்டிருக்கும் தாய்க்கும் அந்த ஒப்பந்தத்தின் உதவி கிடையாது.

ஆகவே பிள்ளை விமானம் ஏறுமுன் தடுப்பதுதான் வழி. அதற்கு முதல் கேள்வி, பிள்ளையின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? மைனருக்கு பாஸ்போர்ட் எடுக்கும்போது பெற்றோர் இருவரும் இணைப்பு டி என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சம்மதம் இல்லாவிட்டால் இணைப்பு சி படிவத்தில் காரணத்தைச் சொல்லவேண்டும். வழக்கு நடந்தால் அதை மறைக்கக் கூடாது. பயம் இருந்தால், பிள்ளையை நாட்டை விட்டு அழைத்துப் போகக் கூடாது என்றும் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும் என்றும் மனுவிலேயே கேட்கவேண்டும். உத்தரவு கிடைத்ததும் அதன் நகலை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வெளிநாட்டில் இருப்பவர் சம்பந்தமான புகாரை தேசிய மகளிர் ஆணையத்தின் என்.ஆர்.ஐ. பிரிவுக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்துக்கும் அனுப்பலாம்.

கூட்டம் முடிந்ததும் ஓமனில் வேலை செய்யும் ஒரு தம்பி வந்து, "நீங்க ஒரு பக்கமாகவே பேசிட்டீங்க பாய். நான் மாசாமாசம் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், கோர்ட்ல ஒண்ணுமே கொடுக்கலன்னு சொல்றாங்க" என்றார். எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஊருக்கு வரும் நண்பர்களிடம் ரொக்கமாகக் கொடுத்தனுப்பினாராம். தம்பி, கையில் கொடுத்த காசுக்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது. தாயைக் காப்பாளராக வைத்துப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் ஒரே தேதியில் அதற்குப் பணம் போகும்படி உங்கள் வங்கியில் நிலையான உத்தரவு கொடுங்கள். விவரம் எழுதும் இடத்தில் எந்த மாதத்துக்கான ஜீவனாம்சம் என்று குறிப்பிடுங்கள். ஸ்கூல் ஃபீஸ் கட்டினால் ரசீதை வாங்கி வையுங்கள். உங்கள் மனைவி அந்தப் பாஸ்புக்கைக் காட்டி வராத மாதத்தை நிரூபிக்கலாம், நீங்கள் அதே பாஸ்புக்கைக் காட்டி வந்த மாதத்தை நிரூபிக்கலாம். இதுவரை கொடுத்தனுப்பிய பணத்துக்கு வாட்ஸ்அப்பில் "கிடைத்தது" என்று பதில் வந்திருந்தால், போனை மாற்றுவதற்கு முன் அதையெல்லாம் தேதியோடு எடுத்து வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.